மீனுக்கு முதல் ஜன்னல்

ஜனவரி 14

காலையில் எழுந்தால் தலையணை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதையில்லை. ஜன்னலின் உட்பக்கம் விரல்கனத்துக்குப் பனிக்கட்டி. தலையணை உறையின் ஓரம் அதில் உறைந்து பிடித்துக்கொண்டது. இழுத்தேன், கிழிந்தது. வெளியே மைனஸ் முப்பத்துநாலு. வின்னிபெக்கில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அது வெளியே இருக்க வேண்டிய குளிர்.

கிழிந்த உறையை பொஹ்தானிடம் காட்டினேன். தாலி, மோதிரம், எதுவாயிருந்தால் என்ன, முப்பத்தெட்டு வருஷமாக நான் மாட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்காரன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா சரியாப் போச்சு" என்றான்.

கட்டிலைத் தள்ளுவதாம்! நவம்பரில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டி இறுக்கியது யார்? நான். இடுக்கிலெல்லாம் பழைய துணியைத் திணித்தது யார்? அதுவும் நான்.

வீடு அவன் அப்பா கட்டியது. பதினோரு ஜன்னல். குளிர்காலத்துக்கென்று ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியிலிருந்து மாட்ட ஒரு கண்ணாடி மேல்சட்டம். அதையும் மாமனாரே தன் கையால் இழைத்தார். சட்டத்தில் ஓர் எண், ஜன்னலில் அதே எண். அக்டோபரில் ஏணி போட்டு மாட்டுவது, மே மாதம் கழற்றிக் கொட்டகையில் அடுக்குவது. ஏழாம் சட்டம் எட்டாம் ஜன்னலில் நுழையாது. பொஹ்தானுக்கு அந்த எண்கள் வேதம். "எங்கப்பா சட்டம் மயிரிழை பிசகாது" என்பான். பிசகாத சட்டத்தின் வழியாகத்தான் ராத்திரி முழுக்கக் காற்று விசிலடிக்கிறது.

இந்த வருஷம் பதினொன்றையும் மாற்றியே தீருவேன். எழுதி வைத்துவிட்டேன்.

ஜனவரி 22

மூன்று இடத்தில் விலை கேட்டேன். முதல் ஆள் இருபத்தோராயிரம் டாலர் என்றான். கேட்டதும் குளிர்கூடத் தெரியவில்லை. இரண்டாவது ஆள் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. நாலு கோப்பை தேநீர், கசகசா ரொட்டி பாதி. நான் "வேண்டாம்" என்று சொல்லும்போதெல்லாம் முதலாளிக்குப் போன் போட்டு ஆயிரம் ஆயிரமாகக் குறைத்தான். இப்படிக் குறைக்க முடிகிறவன் முதலில் எவ்வளவு ஏற்றியிருப்பான்? மூன்றாவது, நேரே தொழிற்சாலையில் வாங்குவது. அளவு நாமே கொடுக்க வேண்டும். பொருத்தித்தர ரோடெல் என்று ஒரு பிலிப்பினோக்காரர் இருக்கிறார், தேவாலயத்து ஜன்னலை அவர்தான் மாற்றினார். எல்லாம் சேர்த்துப் பதின்மூவாயிரத்து நானூறு.

நவம்பரில் பார்த்தபோது என் சேமிப்பில் பதினாலாயிரம் இருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் ஆறு வருஷம் சட்டி கழுவிச் சேர்த்தது. இருவர் பேரிலும் உள்ள கணக்கு, ஆனால் ஒவ்வொரு டாலரும் ஜன்னலுக்கு என்று அவனுக்கும் தெரியும்.

பிப்ரவரி 9

கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். குளிரால் இல்லை.

பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டு மீன்பிடிக்கப் போய்விட்டான். எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். உறைந்த ஏரிமேல், பனியில் துளை போட்டு உள்ளே உட்கார்ந்து மீன்பிடிக்கிற மீன்குடில் நூறு நிற்கிறது. எல்லாம் பழைய பலகையும் தகரமும். நடுவில் ஒன்று மட்டும் புதுசு, மஞ்சள் மரம், பளபளவென்று. அட, எந்தப் பணக்காரனோ என்று பார்த்தால், கதவைத் திறந்துகொண்டு என் வீட்டுக்காரன் வருகிறான்!

அதில் ஒரு ஜன்னல். இரட்டைக் கண்ணாடி. ரப்பர் விளிம்பு. ஒரு சொட்டுப் பனி இல்லை. கையை வைத்துப் பார்த்தேன் – வெதுவெதுவென்று இருந்தது.

"எவ்வளவு?"

"குடில் சல்லிசாக் கிடைச்சுது லெசியா..."

"எவ்வளவுடா?"

இரண்டாயிரத்து முந்நூறு. என் கணக்கிலிருந்து. வசந்தத்துக்குள் திருப்பி வைத்துவிடுவானாம்.

என் தலையணை ஜன்னலில் உறைகிறது, மீன் கதகதப்பாக இருக்கிறது. மாத்திரையைப் பனியில் வீசிவிட்டு வந்தேன். பாதி வழியில் மனசு கேட்கவில்லை, திரும்பிப் போய்ப் பொறுக்கிக் கொடுத்தேன். அதுதான் இன்னும் எரிச்சல்.

பிப்ரவரி 13

தேவாலயத்து அடித்தளத்தில் பெரோஹி மடிக்கும் நாள். மாவில் உருளைக்கிழங்கை வைத்து மடித்துக்கொண்டே என் சிநேகிதி நெட்டியிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் புருவம்கூட உயரவில்லை.

"அந்த ஜன்னலா? எங்க வீட்டு மனுஷன் டிசம்பர்லயே சொன்னாரு. உள்ள அவ்வளவு சூடாம், மீனு சட்டையைக் கழட்டிட்டுத்தான் மேல வருதாம்!"

மேஜை முழுக்கச் சிரித்தது. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. நான் மடித்த பெரோஹி எல்லாம் வாய் பிளந்துகொண்டன. பாதிரியார் மனைவி அவற்றைத் தனியே எடுத்து வைத்தாள்.

மார்ச் 1

பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால் தானே எழுந்து எடுத்துக்கொள்கிறான்.

மார்ச் 30

பணத்தைத் திருப்பி வைக்கவில்லை. வைக்கமாட்டான் என்று எனக்குத் தெரியாதா? சனிக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவ ஒப்புக்கொண்டேன். என் ஜன்னலை நானே சம்பாதிக்கிறேன்.

மே 17

மேல்சட்டம் கழற்றும் நாள். வருஷா வருஷம் ஏணியின் அடியை நான்தான் பிடிப்பேன். இன்று மண்டபத்தில் கல்யாணம், முந்நூறு தட்டு. "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றான்.

பார்த்துக்கொண்டான்! சாயங்காலம் வந்தால் முற்றம் முழுக்கக் கண்ணாடிச் சில்லு. கடைசிச் சட்டம், படிக்கட்டு ஜன்னலின் ஒன்பதாம் எண், வெறும் மரமாகக் கிடக்கிறது. என் லைலாக் செடி நடுவில் முறிந்து கிடக்கிறது, அடுத்த வாரம் பூக்க வேண்டியது. இவன் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, "கை நழுவிடுச்சு" என்கிறான். எழுந்துகூட வரவில்லை.

நன்றாகக் கொடுத்தேன். "உனக்குக் கை எதுக்கு? திங்கறதுக்கு மட்டுமா?" என்றேன். அப்படியே உட்கார்ந்திருந்தான். எருமைமாட்டின் மேல் மழை பெய்த மாதிரி.

சில்லைப் பொறுக்கி முடிக்க ஒன்பது மணி ஆனது. நான்தான் பொறுக்கினேன்.

மே 30

இரண்டு வாரமாகக் கூடத்து சோபாவில் படுக்கிறான். மெத்தையில் சூடாக இருக்கிறதாம். நல்லது. கோபம் இருந்தால் அவனுக்கும் இருக்கட்டும்.

ஜூன் 12

அதிசயம். தானாக வந்து, "ஜன்னல் அளவை நானே எடுத்துத் தரேன்" என்றான். காலை உணவுக்குப் பின் போனான், பதினொரு மணிக்குப் பதினொரு அளவும் ஒரே காகிதத்தில். அகலம், உயரம், எண்ணோடு, கோணல்மாணல் இல்லாத கையெழுத்தில்.

"இவ்வளவு சீக்கிரமாவா?"

"மயிரிழை பிசகாது" என்றான்.

மாதக்கணக்கில் முதல்முறையாக அவனுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன். தொழிற்சாலைக்கு அளவை அனுப்பிப் பணத்தையும் கட்டிவிட்டேன். சொல்லிச் செய்வது, திருப்பி எடுக்கமாட்டார்களாம். எதற்குத் திருப்ப வேண்டும்?

ஆகஸ்ட் 21

பொருந்தவில்லை.

பதினொன்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை!

ரோடெல் முன்பக்க ஜன்னலைக் கழற்றிவிட்டு, புதியதைத் தூக்கி வைத்துப் பார்த்தார். இறக்கினார். டேப்பை எடுத்து அளந்தார். இன்னொன்றை அளந்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"மேடம், எல்லாமே ரெண்டு அங்குலம் பெருசா இருக்கு. இந்த அளவை எங்க எடுத்தீங்க?"

பொஹ்தான் கொட்டகைப் பக்கம் பார்த்தான். அப்போதே விளங்கிவிட்டது. அவன் ஜன்னலை அளக்கவே இல்லை. கொட்டகையில் அடுக்கியிருந்த அப்பாவின் மேல்சட்டத்தை அளந்திருக்கிறான்! அது வெளியிலிருந்து ஜன்னலை மூடுகிற சட்டம், ஜன்னலைவிடப் பெரிதாகத்தானே இருக்கும்? மூளை இருக்கிறவன் யாராவது மூடியை அளந்து ஜாடி வாங்குவானா?

என்ன பேசினேன் என்று இங்கே எழுதமாட்டேன். ரோடெல் பாவம், வண்டியில் ஏதோ எடுக்கப்போகிற மாதிரி போய் அங்கேயே நின்றுவிட்டார். அறுபத்தாறு வயது, அப்பா செத்து இருபது வருஷம், இன்னும் அப்பா போட்ட எண்! ஆறு வருஷச் சட்டி, மூன்று மாதத் தட்டு, எல்லாம் இப்போது தோட்டத்தில் அட்டை சுற்றிக் கிடக்கிறது.

"வீட்டுக்குள்ள நின்னு அளக்கறதுக்கு என்ன கேடு? ஏணிகூட வேண்டாமே! கையைத் தூக்கி ஒரு டேப்பைப் பிடிக்க முடியாதா உனக்கு?"

"முடியாது" என்றான்.

திமிர் என்று நினைத்தேன். இல்லை. இடது கையைத் தூக்கிக் காட்டினான். மார்பு வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. முகம் வெளிறிவிட்டது.

"அன்னிக்குச் சட்டம் நழுவல லெசியா. நான்தான் விழுந்தேன். ஒன்பதோட சேர்ந்து, லைலாக் மேல."

ஆகஸ்ட் 21, மறுபடியும்

தூக்கம் வரவில்லை. மே பதினேழை எடுத்துப் படித்தேன். என் கையெழுத்துதான். செடி முறிந்ததை எழுதியிருக்கிறேன். கண்ணாடியை எழுதியிருக்கிறேன். எழுந்துகூட வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான்!

சோபா – அதுவும் இதனால்தான். நிமிர்ந்து சாய்ந்தால்தான் விலா வலிக்காதாம்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ உள்ள வந்ததும் கண்ணாடியப் பத்திக் கேட்ட. அதுக்கப்புறம் எப்பிடிச் சொல்றது?"

அவன்மேல் கோபம் வருகிறது. என்மேல் வருகிறது. எதன்மேல் அதிகம் என்று தெரியவில்லை. நான் மண்டபத்தில் தட்டு கழுவினேன், அதனால் ஏணியைப் பிடிக்க ஆளில்லை. ஏன் தட்டு கழுவினேன்? அவன் மீனுக்கு ஜன்னல் வாங்கினான். ஆக அவனால்தான். இப்படிச் சுற்றிச் சுற்றி எழுதினால் மட்டும் அந்தக் கை மேலே போகுமா?

ஆகஸ்ட் 25

டாக்டர் இரண்டு பேரையும் திட்டினார். விலாவில் விரிசல், அது தானாகச் சேர்ந்துவிட்டது. தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் சரிசெய்திருக்கலாமாம். இனி பயிற்சி செய்தால் ஓரளவுக்கு வரும், முழுசாக வராது.

ரோடெல் வந்தார். பழைய நிலைச்சட்டத்தையே சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துவிட்டால் துவாரம் பெரிதாகும், இந்த ஜன்னல் நன்றாகவே உட்காரும் என்கிறார். வேலை இரண்டு மடங்கு. இன்னும் இரண்டாயிரத்தைந்நூறு.

"உங்க வீட்டுக்காரர் அளவுல ஒரு தப்பும் இல்ல மேடம். வேற சாமானை அளந்துட்டாரு, அவ்வளவுதான்" என்றார். சிரிப்பு வந்துவிடும் என்று உள்ளே போய்விட்டேன்.

பணத்துக்கு எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது பொஹ்தானே சொன்னான்: "குடிலைக் கேட்டு ரெண்டு பேர் வந்துட்டுப் போனாங்க."

செப்டம்பர் 6

விற்றுவிட்டான். வாங்கினவன் அந்த ஜன்னலுக்காகத்தான் வாங்கினானாம். போட்ட விலைக்குமேல் இருநூறு டாலர் கொடுத்திருக்கிறான், ரோடெல் கேட்டதுக்குச் சரியாக.

வண்டி குடிலை இழுத்துக்கொண்டு தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்தான். பிப்ரவரியில் இருந்து இந்தக் காட்சிக்காகத்தான் காத்திருந்தேன். வயிறு குளிரும் என்று நினைத்தேன். குளிரவில்லை.

அக்டோபர் 11

மேல்சட்டம் மாட்டும் நாள். ரோடெல் புது ஜன்னல்களைப் பொருத்தி முடித்துவிட்டார், மாட்ட ஒன்றுமில்லை. காலையிலிருந்து கொட்டகைக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறான்.

நவம்பர் 15

அப்பாவின் மேல்சட்டங்களை விறகாக்கவும் விடமாட்டேன் என்கிறான், குப்பைக்கும் அனுப்பமாட்டேன் என்கிறான். பதினொரு சட்டமும் கொட்டகையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதையாவது பண்ணித் தொலையேன்! சுவரா வெச்சு அடி, உள்ள உக்காந்து மீன் பிடி!" என்று கத்தினேன்.

கோபத்தில் சொன்னதுதான். அவன் காபியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

நவம்பர் 29

தோள் வேலை செய்யாது. அதனால் சட்டங்களைக் குடிலாகச் சேர்த்து ஆணி அடிப்பது நான், அதிகாரம் பண்ணுவது அவன். "மூணுக்கு அடுத்து அஞ்சு, நாலு இல்ல!" வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. மூன்றுமுறை சுத்தியலைப் போட்டுவிட்டு வந்தேன். மூன்றுமுறையும் திரும்பிப் போனேன்.

ஜனவரி 11

மைனஸ் முப்பத்தாறு. படுக்கையறை ஜன்னலில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். காய்ந்த கண்ணாடி.

மத்தியானம் ஏரிக்குப் போனேன், அவனோடு. பலகைக் குடில்களுக்கு நடுவே எங்களுடையது, நாலு பக்கமும் கண்ணாடி. உள்ளே அடுப்பு, இரண்டு கவிழ்த்த வாளி, பனியில் துளை. சட்டங்களில் மாமனாரின் எண்கள் அப்படியே இருக்கின்றன. நெட்டி தன் குடிலிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "அடியே, கடை எப்போ திறப்பு? அங்க நீ ரொட்டி கடிக்கறது இங்க தெரியுது!"

ஒன்பதுக்கு மட்டும் கண்ணாடி இல்லை. அதற்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஹேர் டிரையரால் இறுக்கியது நான். இனி வீட்டில் அதற்கு வேலையில்லையே. ஒரு மூலை பிய்ந்து படபடவென்று அடித்துக்கொண்டது.

பொஹ்தான் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"உனக்கும் கை திங்கறதுக்கு மட்டும்தானா?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. நல்ல பதில். மேல்கோட்டின் வாரை அவிழ்த்து அந்த மூலையை இழுத்துக் கட்டினேன். பிறகு, அவனுடைய இடது பக்கம் கிடந்த என் வாளியை எடுத்து வலது பக்கம் போட்டு உட்கார்ந்து, வலிக்காத அந்தத் தோளில் சாய்ந்துகொண்டேன்.

மூன்று மீன் கிடைத்தது. ஒன்று ரோடெலுக்கு.