புகைக்கூண்டில் நீ அடைத்த சாக்கு

அன்புள்ள மாப்பிள்ளை செல்லையாவுக்கு,

முதலில் ஒரு கெட்ட செய்தி. என் மீசை போய்விட்டது. நீ சின்னப் பிள்ளையாக என் மடியில் உட்கார்ந்து பிடித்து இழுப்பாயே, அதே மீசைதான். தெருவில் போனால் ஆளாளுக்கு நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, யாருக்குக் காரியம்?" என்று துக்கம் விசாரிக்கிறார்கள். யாரும் சாகவில்லை, மீசைதான் செத்தது என்று எத்தனை பேரிடம் சொல்வேன்?

பழி உன்மேல்தான். எப்படி என்று சொல்கிறேன்.

ஊருக்கு மேற்கே நீ ஆசைப்பட்டு வாங்கிய துரை பங்களா இருக்கிறதே, அதன் கூடத்துச் சுவரில் ஒரு அடுப்பு உண்டல்லவா? கோவில்பட்டியில் மனுஷன் வெயிலுக்கு ஒதுங்க நிழல் தேடி அலைகிறான். பருத்திக் கம்பெனித் துரை குளிர்காய அடுப்பு கட்டிவிட்டுக் கப்பலேறிப் போயிருக்கிறார். "மாமா, இதுதான் நம்ம லாட்ஜுக்கு அழகு. பருத்தி வாங்க வாற வியாபாரிக இதப் பாக்கவே வந்து தங்குவாக" என்று நீ சொன்னாய். லாட்ஜ் திறக்கவில்லை. நீயும் பொன்னுத்தாயும் அதில் குடியிருந்தது ஒரு வருஷம். மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது. என் மகள் பங்களாவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு என் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவள் பேசுவதே உப்பு, புளி, வெந்நீர் என்ற அளவுக்குத்தான்.

இந்தக் கார்த்திகையில் அவளாகவே வந்து, "லாட்ஜத் தொறக்கணும்ப்பா" என்றாள். என்ன ஏது என்று கேட்டால் மனசு மாறிவிடுமோ என்று பயந்து அன்று மத்தியானமே கொத்தனார் தேடிப் புறப்பட்டுவிட்டேன். விளாத்திகுளத்துக்காரர், கருப்பசாமி என்று பெயர். முப்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. பேச்சுக் குறைவு. என்னோடு இருக்கிறவர்களுக்கு அது வசதி.

மார்கழி பிறந்தது. மழை தப்பாமல் பெய்த வருஷம், கூதலும் தப்பாமல் வந்தது. அறை பார்க்க வியாபாரிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களை அசத்திவிடலாம் என்று துரை அடுப்பில் காய்ந்த பருத்திமார்க் குச்சி ஒரு கட்டைத் திணித்துப் பற்றவைத்தேன். புகை மேலே போகவில்லை. என்னைப் பார்த்து வந்தது. எட்டாவது வரை படித்த மூளை என்ன சொன்னது தெரியுமா? குனிந்து ஊதச் சொன்னது. ஊதினேன். குப்பென்று ஒரு சுவாலை எழும்பி, மீசையின் இடது பக்கத்தை வாங்கிக்கொண்டு அடங்கியது. வியாபாரிகள் இருமிக்கொண்டே வண்டியைப் பார்த்து ஓடினார்கள். மிச்ச மீசையை மறுநாள் நாவிதரிடம் ஒப்படைத்தேன்.

ஆனால் மாப்பிள்ளை, கரி பூசிய மூஞ்சியோடு நான் வெளியே வந்தபோது, வாசலில் நின்ற பொன்னுத்தாய் சிரித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நீ போன பிறகு நான் கேட்காத சத்தம் அது. பக்கத்தில் நின்ற கொத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. கொஞ்ச நாளாகவே என் கருப்பட்டிக் காப்பி ஆறிப்போய் வந்தது, அவருடையது ஆவி பறக்க வந்தது. ஒரு சன்னலைப் பூச அவருக்கு மூன்று நாள் ஆனது. கூடத்துச் சுவரின் வெடிப்பைக் காட்டி ஒருநாள் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் அங்கேதான் நின்றேன்:

"இத இப்பப் பூசக்கூடாது. மழைக்குக் கீழ கரிசல் மண்ணு உப்பி நிக்குது, அதான் வெடிப்பு மூடிக்கிட்டாப்ல தெரியுது. சித்திரையில தரை காஞ்சு, வெடிப்பு நல்லாத் தொறக்கும். அப்ப வந்து பூசித் தாரேன்."

"சித்திரைக்குள்ள ஒங்களுக்கு மறந்துபோகும்."

"மறக்காது."

சுவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து நான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். உன் மாமன் புத்தி எப்போதும் பஸ் போன பிறகு கை காட்டும்.

மீசை போன இரண்டாம் நாள் கொத்தனார் கூரைமேல் ஏறிப் புகைக்கூண்டுக்குள் கையை விட்டார். உள்ளே ஒரு சாக்கு. பருத்தி திணித்து, வாயைச் சுருட்டி, கயிற்றால் இறுக்கி, கூண்டை அடைத்து வைத்திருந்தது. கீழே கொண்டுவந்து போட்டதும் நான் கயிற்றைப் பார்த்தேன். உன் முடிச்சு. எங்கேயிருந்தாலும் எனக்குத் தெரியும். மதுரைக்குப் போகும்போது என் பெட்டியை பஸ் கூரைமேல் கட்டி அனுப்பினாயே, அவிழ்க்க முடியாமல் அங்கே அரிவாள் தேடினேனே, அதே முடிச்சு.

பொன்னுத்தாய் சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். புதுப்பெண்ணாக வந்த வருஷம் ஆடிக்காற்று கூண்டுக்குள் புகுந்து ஆள் அழுகிற மாதிரி ஊளையிடுமாம், அவள் பயந்து போர்வைக்குள் ஒடுங்கிக்கொள்வாளாம். ஒருநாள் அந்தச் சத்தம் தானாக நின்றுவிட்டதாம். காற்று ஓய்ந்தது என்று நினைத்துக்கொண்டாளாம். "நீங்கதான் அடைச்சீகளா" என்று சாக்கைப் பார்த்துக் கேட்டாள். ஏன் மாப்பிள்ளை, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கொத்தனார் தள்ளி நின்று அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்: "இத எடுத்துட்டா ஆடியில அந்தச் சத்தம் திரும்ப வரும். வேண்டாம்னாச் சொல்லுங்க, இருந்தபடியே வச்சுப் பூசிருதேன். அடுப்பு இல்லாமலும் லாட்ஜ் நடக்கும்."

அவள் அந்த முடிச்சை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சத்தம் வந்தா வரட்டும். எடுத்துருங்க" என்றாள்.

சாக்கு இத்துப்போயிருந்ததால் கயிறு முடிச்சோடு கழன்று விழுந்தது. யாரும் பார்க்கவில்லை என்று எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். கொத்தனார் பார்த்துவிட்டார்.

அந்த வாரமே அவர் என்னிடம் வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே பெண் கேட்டார். மகளிடம் கேட்டேன். "அத்த சரின்னாச் சரி. அவுக மனசு நோகுறதா இருந்தா இந்தப் பேச்சே வேண்டாம்ப்பா" என்று ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். அத்தை என்றால் உன் அம்மா. என் அக்கா. நீ போனபின் பங்களா இருக்கிற திசையில்கூடத் திரும்பாதவள். அவளிடம் போய், உன் மருமகளுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வேன்? உங்கள் ஊர் எப்போதும்வென்றான் வரை பஸ்ஸில் போய், உன் வீட்டு வாசலில் நின்று, மழையைப் பற்றியும் மிளகாயைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். கடைசியில் சாக்கு கிடைத்ததை மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாளே வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும், "ஏலே, மூஞ்சியில என்னத்தத் தொலைச்ச?" என்றாள். உள்ளே போய்த் துரை அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தாள். புகை ஒழுங்காக மேலே போய்க்கொண்டிருந்தது. சாக்கை மடியில் வைத்து, கரி ஒட்டுமே என்று பார்க்காமல் தடவித் தடவிக் கொடுத்தாள்.

"காத்துச் சத்தத்துக்கு அம்புட்டுப் பயமாடி ஒனக்கு?"

"ஆமா அத்த."

"இப்ப?"

"இப்பப் பயமில்ல."

அக்கா கொத்தனார் பக்கம் திரும்பினாள். "நீதான் எடுத்தியா?"

"ஆமாம்மா. கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறேன் என்று விரலெல்லாம் தடவிக்கொண்டிருந்தேன். அக்கா அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தீயைப் பார்த்தாள். நான் சொல்லாததை அவளே கண்டுகொண்டாள்.

"தீ அமந்து போவுது பாரு. ரெண்டு மாரு எடுத்துப் போடுப்பா" என்றாள். அவர் போட்டார். "தை பொறக்கட்டும். இவள எம் மகளா வச்சு நான்தான் கட்டிக் குடுப்பேன். ஏலே, நீ பந்தலுக்கு மட்டும் சொல்லு, மத்ததுல குறுக்க வராத."

வராதே என்றால் வரமாட்டேன். ஆயுசுக்கும் வரமாட்டேன். பொன்னுத்தாய் அத்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் வெளியே போய், அக்கா வந்த வண்டியின் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். மாடு முன்னமே குடித்திருந்ததாம், குடிக்கவில்லை.

புறப்படும்போது அக்கா பருத்தி கொட்டிப்போன சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். சட்டென்று நின்று கேட்டாள்: "எம் மவன் கட்டாம ஒண்ணும் வைக்க மாட்டானே. கட்டுன கயிறு எங்க?"

கயிறு என் மடியில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும், நியாயம் அதுதான். கை வரவில்லை. நான் முழிக்கிற முழியைக் கொத்தனார் பார்த்தார்.

"அது இத்துப்போய் நூலு நூலா வந்துருச்சும்மா. நான்தான் தெரியாம அடுப்புல போட்டுட்டேன்" என்றார்.

அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு அவளைக் கைபிடித்து வண்டியில் ஏற்றினார்.

இங்கே எல்லாம் நல்லபடி நடக்கிறது. கரண்டு கம்பம் பங்களா வாசல்வரை வந்தாகிவிட்டது. ஓடிப்போன வியாபாரிகள் மாசியில் வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அடுப்பை நான் பற்றவைக்கக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. ராத்திரி எனக்குத் தூக்கம் வருகிறது மாப்பிள்ளை, அதைவிட என்ன வேண்டும்?

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இன்னமும் அவரைக் "கொத்தனாரே" என்றுதான் கூப்பிடுகிறேன். மகள்கூடக் கேலி செய்கிறாள். அக்காவின் வண்டி தெருமுனை திரும்பியதும் எனக்கும் அவருக்கும் நடுவில் யாரும் இல்லை. அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீ தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து உன்னைத் தவிர யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. உன்னைக் கேட்காமல் எப்படி எடுத்துக் கொடுப்பது? விழுங்கிவிட்டேன்.

இப்போது கேட்டுவிட்டேன். தையில் பந்தலில் வைத்து, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி அவரைக் கூப்பிடுவேன், இது சத்தியம். கண்ணைத் துடைத்தால் புகை என்று சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு வண்டி போனதும் நான் வாய்விட்டுச் சொல்லாதது இவ்வளவுதான்: "உள்ள வாங்க, மாப்பிள்ளை."

இப்படிக்கு,
உன் கயிற்றை இன்னும் மடியில் வைத்திருக்கும்
தாய்மாமன்