முன்வரிசையில் மல்லிகா

செவ்வாய், 12 ஆகஸ்ட் 1986. கிள்ளான், மலேசியா.

தூக்கம் வரவில்லை. நாளைக் காலை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் நான் பாடம் நடத்துவதைப் பார்க்க வருகிறார். தேறாவிட்டால் ஆசிரியை வேலை கிடைக்காது.

எனக்கு வழிகாட்டும் சரோஜா டீச்சர் இன்று தனியாகக் கூப்பிட்டார். "மல்லிகாவ நாளைக்கு லைப்ரரிக்கு அனுப்பிடு. காது சரியா கேக்காத பிள்ள, சம்பந்தமில்லாம கத்தும். பயிற்சிக்கு வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க லா."

எல்லாப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டும் என்று கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதினேன். இங்கே தலையாட்டினேன்.

பள்ளி விட்டதும் மல்லிகாவிடம் போனேன். என் உதட்டையே பார்த்தாள். அதை வைத்துத்தான் அவளுக்குப் பேச்சு புரியும். நான் வாயைத் திறக்கும் முன்பே கேட்டாள்: "டீச்சர், நாளைக்கு நான் லைப்ரரியா?"

"இல்லமா. முன்னால உக்காரு" என்று சொல்லிவிட்டேன்.

சரோஜா டீச்சருக்கு இன்னும் தெரியாது. என் மதிப்பெண் தாளில் அவர் கையெழுத்தும் வேண்டும். நாளை அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இப்போது கண்ணாடி முன்னால் நின்று பாடத்தைச் சொல்லிப் பார்த்தேன். உதடு நடுங்குகிறது. இந்த உதட்டிலிருந்து அவள் எதைப் படிப்பாள்?