கீழருவியின் இரைச்சல்

ஹார்டாங்கர்,
மே மாதக் கடைசி.

அன்புள்ள சிக்ரூன்,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வீடும் தோட்டமும் ஒழுங்காக இருக்கின்றன. ஆப்பிள் பூக்கள் உதிரத் தொடங்கிவிட்டன. பக்கத்து வீட்டு ஆடுகள் குட்டிகளோடு வேலியைத் தாண்டி வந்து உன் ருபார்புச் செடியை மிதித்துவிட்டன. இரண்டு தண்டு ஒடிந்ததோடு பிழைத்துக்கொண்டது. கூரையில் தளர்ந்திருந்த ஓடு ஒன்றை மாற்றினேன். நீ வேலை பார்க்கும் மருத்துவமனை வாசலில் எடுத்து அனுப்பிய படத்தில் அந்த வடகோடித் தீவு ஸ்வால்பார்டு இன்னும் பனி மூடி வெள்ளையாகத்தான் கிடக்கிறது. நாங்கள் இங்கே சட்டைக் கையை மடித்துவிட்டு நடக்கிறோம்.

அருவிப் புகைப்படப் பயிற்சி போன வார இறுதியில் முடிந்தது. நீ இல்லாமல் நடத்திய முதல் பயிற்சி. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்த முறை நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் கொல்பெய்ன், பக்கத்து ஊர்க்காரர், ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் ஃபெரிக் கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் ஓயாது. அடுத்தது ஒரு டென்மார்க் தம்பதி, பிரெபென், லோனே. அவர்கள் ஊரில் மாட்டுக்கொட்டகைக் கூரைதான் உயரமான இடமாம். நான்காவது விக்டிஸ். பெர்கனில் செயற்கைப் பல் செய்யும் வேலை. பிறவியிலேயே காது கேட்காதவள். நேருக்கு நேர் நின்று நார்வே மொழியில் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பதிலைக் கைபேசியில் தட்டிக் காட்டுவாள். சேரும்போதே எனக்கு இப்படி எழுதியிருந்தாள்: "எனக்குக் காது கேக்காது. அருவிப் பக்கத்துல உங்களுக்கும் கேக்காது. அதனால கணக்கு சரியாயிடும்."

முதல் நாள் மேலருவிக்குப் போனோம். வானம் மூடியிருந்தது, படத்துக்கு நல்ல வெளிச்சம். கேமராவை முக்காலியில் நிறுத்தி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து, தண்ணீரைப் பால் மாதிரி வழியவிடுவதை வழக்கம்போல் சொல்லிக்கொடுத்தேன். மூன்று பேர் அப்படியே செய்தார்கள். விக்டிஸ் மட்டும் முக்காலியை மடித்து வைத்துவிட்டு, கண் இமைக்கும் நேரத்தில் ஷட்டர் மூடும்படி வைத்து, துளித்துளியாக எடுத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "தண்ணி அப்படி வழியறத நான் ஒரு நாளும் பாத்ததில்ல. எனக்கு ஒவ்வொரு சொட்டும் தனியாத்தான் தெரியுது" என்று தட்டிக் காட்டினாள்.

அன்று சாயங்காலம் ஆட்டிறைச்சி சூப் வைத்தேன். உன் அளவுக்கு வரவில்லை. மேசையில் விக்டிஸ் எல்லாருக்கும் கைச்சைகை சொல்லிக்கொடுத்தாள். நில், மெல்ல, இழு, வேண்டாம், காப்பி. கொல்பெய்ன் காப்பியை உடனே பிடித்துக்கொண்டார். பிறகு பிரெபெனைச் சீண்டத் தொடங்கினார். "உங்க ஆளுங்க பேசறது வாயில சுட்ட உருளைக்கிழங்கை வச்சுக்கிட்டு பேசற மாதிரியே இருக்கு. நீங்களும் சைகைக்கு மாறிடுங்கப்பா, எங்களுக்கும் புரியும்." பிரெபென் ஏதோ திருப்பிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. டென்மார்க்காரர் பேச்சு யாருக்குத்தான் புரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கீழருவி. காலையிலிருந்தே வெயில், இந்த வருஷத்தின் முதல் நிஜமான வெயில். மலைமேல் உருகும் பனி நம் பள்ளத்துக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகும் என்பது உனக்குத் தெரியும். மலைக்குத் தாமதமாக வேர்க்கிறது என்று நீதான் சொல்வாய். மதியச் சாப்பாட்டின்போதே நான்கு பேரிடமும் சொன்னேன்: இன்றைக்குத் தண்ணீர் ஏறும், நான் கூப்பிட்டதும் கரைக்கு வந்துவிட வேண்டும், ஒரு படம் பாக்கி என்று யாரும் நிற்கக் கூடாது.

பிரெபென் அருவிக்குக் கீழே, ஆற்றின் நடுவில் உள்ள தட்டைப் பாறைக்குப் போயிருந்தார். அப்போது அங்கே கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். நான் அவர் மேல் ஒரு கண் வைத்திருந்தேன். நீரின் நிறம் மாறி லேசாகக் கலங்கியதும் கரையோரம் போய், அவரைத் திரும்பி வரச் சொல்லிக் கையசைத்தேன். அவர் பாறையிலிருந்து ஒரு காலை இறக்கி நின்றபடி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். 'இதோ வரேன்' என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பி, என் முக்காலியை மடிக்கத் தொடங்கினேன்.

யாரோ என் பின்கழுத்துச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். விக்டிஸ். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஆற்றைப் பார்த்தேன். பிரெபென் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். இறக்கிய கால் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கியிருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

வண்டியில் இருந்த கயிற்றைக் கொல்பெய்ன் கொண்டு வந்தார். ஒரு முனையை என் இடுப்பில் கட்டி, மறு முனையை ஒரு பிர்ச் மரத்தைச் சுற்றி அவர் பிடித்துக்கொண்டார். நான் இறங்கினேன். உனக்குப் பிடிக்காது, தெரியும். வேறு ஆள் இல்லை. தண்ணீரின் குளிரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கால் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. விக்டிஸ் மேலே ஒரு பாறையில் ஏறி நின்றாள். அங்கிருந்து அவளுக்கு மேலேயிருந்து வரும் வெள்ளமும் தெரிந்தது, கீழே நாங்களும் தெரிந்தோம். ஒரு மரக்கட்டை அடித்து வரப்பட்டபோது அவள் கை 'நில்' என்றது. நின்றேன். கட்டை எங்களைக் கடந்து போனது. பிறகு 'மெல்ல' என்றது. நான் ஆற்றில் இருந்த நேரம் முழுக்க எனக்குத் தெளிவாகப் புரிந்த பேச்சு அது ஒன்றுதான்.

நான் பிரெபெனின் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மறுபடி மேலே பார்த்தேன். விக்டிஸ் குனிந்து தன் ஷூவின் நாடாவை அவிழ்ப்பதுபோல் காட்டிவிட்டு, வெறுங்காலை மட்டும் உருவி எடுப்பதுபோல் செய்தாள். நான் தண்ணீருக்குள் தோள் வரை கையை விட்டேன். நாடா அவிழவில்லை, கத்தியால் அறுத்தேன். கால் வந்துவிட்டது, ஷூ அங்கேயே நின்றுவிட்டது. அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கயிற்றோடு கரை சேர்ந்தேன். நாங்கள் ஏறிக் கொஞ்ச நேரத்தில் தட்டைப் பாறை கண்ணில் படவில்லை. அவருடைய கேமராவும் முக்காலியும் அதோடு போயின.

லோனே அப்போதுதான் காப்பி பிளாஸ்க்கோடு மேலேயிருந்து இறங்கி வந்தாள். கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவர்கள் பேசிக்கொண்டது கொல்பெய்ன் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இன்னொரு ஷூ எங்கே?"

"ஆத்துக்குக் குடுத்துட்டேன்."

"உன் பிறந்தநாளுக்கு நான் வாங்கினது அது."

"அதனாலதான் விட மனசில்லாம நின்னுக்கிட்டிருந்தேன்."

அவள் பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். கணவனின் ஈரக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கம்பளித் தொப்பியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லாரும் காய்ந்த உடை மாற்றினோம். வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வைத்தேன். கொல்பெய்ன் தன் தட்டில் இருந்ததைத் தொடவில்லை. கடைசியில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஓட்வார், தப்பா நினைக்காதே. கால் மாட்டிக்கிச்சுன்னு அவன் கத்தினது மேட்டு மேல நின்ன எனக்கே கேட்டுச்சு. கேட்டுத்தான் ஓடி வந்தேன். நீ அவனுக்குப் பக்கத்துல நின்னே. சிரிச்சுக் கட்டைவிரலைக் காட்டிட்டுத் திரும்பிட்டியேப்பா."

அருவி இரைச்சல் என்றேன். "எனக்கும் அதே இரைச்சல்தானே" என்றார். அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை.

விக்டிஸ் தன் கேமராவை என் பக்கம் தள்ளினாள். அந்த நொடியை அவள் எடுத்திருந்தாள். காற்றில் துளிகள் கண்ணாடிச் சில்லுகளாக நிற்கின்றன. நடுவில் பிரெபென், வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. இந்தப் பக்கம் நான், கட்டைவிரலை உயர்த்தியபடி, விருந்தாளியை வரவேற்கும் சிரிப்போடு. நான் பார்த்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, கைபேசியில் தட்டிக் காட்டினாள்: "எவ்வளவு நாளா?"

என் காது மந்தமானதை யாரிடமும் சொன்னதில்லை, அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"முதல் நாளே தெரியும். எல்லார் கண்ணும் தண்ணி மேல. உங்க கண்ணு மட்டும் எங்க உதட்டு மேல."

அந்தப் படத்தை அழித்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன், முந்தின நாள் அவள் கற்றுக்கொடுத்த சைகையில்தான் சொன்னேன். அதன் பிரதி ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பார்த்தால் நான் எழுதியதைவிடச் சீக்கிரம் புரியும்.

மறுநாள் எல்லாரும் கிளம்பினார்கள். கொல்பெய்ன் பிரெபெனுக்குத் தன் ரப்பர் காலணியைக் கொடுத்தார்; ஒரு அளவு பெரிது. அதைப் போட்டுக்கொண்டு அவர் வாத்து மாதிரி நடந்து காருக்குப் போனதைப் பார்த்து லோனே ஆற்றில் நடந்ததற்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். பிரெபென் என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேராக, மெதுவாக நன்றி சொன்னார். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

காது மருத்துவரிடம் நாள் வாங்கிவிட்டேன். ஃபொஸ் ஊருக்குப் போக வேண்டும். கருவி வைத்தால் ஓரளவு சரியாகும் என்று விக்டிஸ் சொல்கிறாள். அதுவரை அடுத்த பயிற்சியைத் தள்ளிவைத்திருக்கிறேன். ஆற்றங்கரையில் நாலு பேருக்குப் பொறுப்பேற்கும் நிலையில் நான் இல்லை.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். மே பதினேழு, நம் தேசிய நாளன்று, நீ போனில் பேசினாய். நான் ஊர்வலத்துக்குப் போய்விட்டு வந்து வெறும் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நீ நிறுத்தாமல், வழக்கத்தைவிட நீளமாகப் பேசினாய். நடுவில் "இன்னொரு வருஷம்" என்று சொன்ன மாதிரி இருந்தது. நிச்சயமில்லை. நீ நிறுத்தியபோது என் பதிலுக்குத்தான் நிறுத்துகிறாய் என்பது தெரிந்தது. "நல்லது, ரொம்ப நல்லது" என்றேன். பிறகு "சரி, உனக்குச் சம்மதம்னா அப்படியே செஞ்சுடறேன்" என்றாய். அது மட்டும் எனக்கு முழுசாகக் கேட்டது.

எதற்குச் சம்மதம் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது, சிக்ரூன். நீ சொன்னதை அப்படியே காகிதத்தில் எழுதி அனுப்பு. எந்தத் தாளிலாவது கையெழுத்துப் போட வேண்டியிருந்தால், என் பதில் வரும்வரை போடாதே. இந்த முறை நான் படித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள். உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

என்றும் உன்,
ஓட்வார்