கறை கழியும் மாதம்

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வில்லெட்டா வீட்டில் சாப்பாடு. பன்றித் தொடைக்கறி, கீரை, சோள ரொட்டி. இந்த மெம்ஃபிஸ் நகரத்திலேயே அவள் கையால் மூன்றாவது துண்டு வாங்கிய ஒரே ஆள் நான்தான். பாஸ்டருக்கே இரண்டோடு சரி.

தட்டை எடுக்கும்போது சொன்னாள்: "வாடகை வீட்டுல இன்னொரு தடவை குடித்தனம் பண்ண என்னால முடியாது. முதல்ல வீடு, ரெண்டு பேர் பேர்லயும். அப்புறம்தான் மோதிரம்."

நியாயம்தான். புருஷன் போன பிறகு மூன்று வீடு மாறியவள். வங்கிக்குப் போகுமுன், யார் எவ்வளவு கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று சொல்லும் கடன் அறிக்கையை இரண்டு பேருடையதையும் மேசைமேல் வைத்துப் பார்த்துவிடலாம் என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் அறிக்கையைப் பார்த்தால் வங்கி மேனேஜர் எழுந்து நின்று கை கொடுப்பான் என்றேன். ஸ்கோர் எண்ணூற்று ஐம்பதுக்கு எண்ணூற்று இருபது என்று வேறு சொல்லித் தொலைத்தேன். எங்கிருந்து வந்தது அந்த எண்ணூற்று இருபது?

மார்ச் 11

தங்கை மகள் டெமெட்ரா தன் போனில் என் அறிக்கையை எடுத்துக் காட்டினாள். ஸ்கோரைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. கீழே, தனிக் கட்டத்தில், "பொதுப் பதிவு: திவால்" என்று போட்டிருக்கிறது.

கல்யாணத்துக்கு நீளக் கார் வாடகைக்கு விட்ட என் லிமோசின் கம்பெனி! நான்கு வண்டிகள் வைத்திருந்தேன். சரி, இரண்டு. அதில் ஒன்று ஓடாது. ஆனால் ஓடிய வண்டியில் ஏறாத மணப்பெண் அன்றைக்கு இந்த ஊரில் இல்லை. பிறகு கடன் கழுத்தைப் பிடித்தது. வக்கீல் சொல்படி திவால் மனு போட்டேன், எல்லாம் கழிந்தது. அதோடு முடிந்தது என்று இருந்தேன்.

முடியவில்லையாம். பத்து வருஷம் அறிக்கையில் நிற்குமாம். ஊரார் கடன் கணக்கை எழுதுகிற மூன்று கம்பெனிகள் இதை எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. யார் கேட்டார்கள்? பெற்ற தாய்கூட என்னைப் பற்றி இவ்வளவு ஞாபகம் வைத்ததில்லை.

பத்து வருஷம் எப்போதிலிருந்து? மனு போட்ட நாளா, கோர்ட் கடனைக் கழித்த நாளா? கழித்தது செப்டம்பரில். நானாகக் கணக்குப் போட்டால் இந்த செப்டம்பர் வரை வில்லெட்டாவைச் சமாளிக்க வேண்டும். டெமெட்ரா, "நேர்ல போய்க் கேளுங்க மாமா, ஊகத்துல ஊர் போக முடியாது" என்றாள். வாய் நீளம். என் வம்சம் அல்லவா.

மார்ச் 17

திவால் கோர்ட் கவுன்ட்டர். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மாள், கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி. அறிக்கை அவர்கள் வேலை இல்லையாம்; அந்தக் கம்பெனிகள் தாங்களாகவே வந்து பதிவைப் பார்த்து எடுத்துக்கொண்டு போகின்றனவாம். ஆனால் சட்டப்படி மனு போட்ட நாளிலிருந்துதான் கணக்கு என்றாள். என் மனு ஜூன் நான்கு.

நான் பேசிய பேச்சில் மூன்று மாதத்தைக் குறைத்துக்கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூட பஸ் ஷெட்டில், என்னோடு பஸ் ஓட்டுகிறவர்களிடம் அப்படித்தான் சொன்னேன்.

ஜூன் நான்கு வரை தள்ள வேண்டும். எப்படி?

மார்ச் 30

பள்ளிக்கூட பஸ்ஸை விட்டுவிட்டு வங்கிக்கு வர முடியாது, பள்ளிக்கூட வருஷம் முடியட்டும் என்றேன். சண்டைக்கு ஐந்து பதில் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன்.

"சரி" என்றாள். அவ்வளவுதான்.

சரியா? அவசரப்பட்டவள் அவளல்லவா? வீடு வீடு என்று உயிரை எடுத்தவள்?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஆரஞ்ச் மவுண்ட் பக்கம் செங்கல் வீடு ஒன்று பார்த்தோம். முன்னால் பீக்கன் மரம். அவள் சமையலறை ஜன்னலைத் திறந்து திறந்து மூடினாள், தன் வீடு போல. நான் வேண்டுமென்றே, "நாளைக்கே வங்கிக்குப் போவமா?" என்று விட்டுப் பார்த்தேன். முகம் மாறியது. "அவ்வளவு அவசரம் என்ன, மிஸ்டர் பெட்டிக்ரூ?"

கோவிலில் எங்கள் சபை டீக்கன் ஸ்டோக்ஸ் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். தங்கப்பல், புது கேடிலாக் கார். பெண்சாதி செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு கதவைத் திறக்க அவ்வளவு நேரமா?

மே 8

ஸ்டோக்ஸின் கேடிலாக் அவள் தெருவில் நின்றது. எதிர்வீட்டில் அவன் அக்கா இருக்கிறாள் என்கிறார்கள். இருக்கட்டும்.

ஜூன் 6

போய்விட்டது! டெமெட்ரா மூன்று கம்பெனி அறிக்கையையும் தேடினாள். பொதுப் பதிவு: ஒன்றுமில்லை. தாளில் அச்சடித்துக்கொடுத்தாள்.

ஏன் இப்படிச் சத்தமில்லாமல் போனது? வரும்போது கோர்ட், வக்கீல், முத்திரை என்று வந்ததே. போகும்போது ஒரு கடிதம் கிடையாதா? இரண்டு தடவை மறுபடி தேடச் சொன்னேன். "மாமா, போன சனியனைக் கூப்பிட்டு உட்கார வைக்காதீங்க" என்றாள்.

நேராக வில்லெட்டாவிடம் போனேன். திங்கட்கிழமை வங்கி என்றேன். அவளுக்கு வயிறு சரியில்லையாம். அதற்கடுத்த வாரம்? அவள் சமைக்கிற பள்ளிக் கேண்டீனில் கணக்கெடுப்பாம். பள்ளிக்கூடம்தான் மூடியாயிற்றே!

எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்டோக்ஸ்தான்.

ஜூன் 12, வியாழன்

பின்னாலேயே போனேன். வெட்கமில்லை. அவள் ஏறிய பஸ்ஸை என் வண்டியில் தொடர்ந்தேன். போலீஸ்காரன்கூட அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்க மாட்டான்.

அவள் ஸ்டோக்ஸ் வீட்டுக்குப் போகவில்லை. நகரத்து நடுவில் இறங்கி, அந்தத் திவால் கோர்ட் கட்டடத்துக்குள், அதே மாடி, அதே கவுன்ட்டர். என் உயிர் போய்விட்டது. என்னைத் தோண்ட வந்திருக்கிறாள்! அறிக்கையிலிருந்து போனாலும் கோர்ட்டில் எப்போதும் இருக்குமே. தூணுக்குப் பின்னால் நின்று, எப்போது என் பேரைச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

என் பேரைச் சொல்லவில்லை. தன் பேரைச் சொன்னாள்.

கோவில் வாசலில் நின்று எங்களுக்கு இடம் காட்டும் பெண். வெள்ளைக் கையுறை, நிமிர்ந்த கழுத்து. இங்கே கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குரலை இறக்கி, "எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிச் செலவுல வந்த திவால்மா. பத்து வருஷம்ங்கிறாங்களே... போட்ட நாள்லருந்தா, முடிஞ்ச நாள்லருந்தா?" என்றாள்.

அந்த அம்மாள் எனக்குச் சொன்ன அதே பதிலைச் சொன்னாள். போட்ட நாள். அக்டோபர் ஒன்பது.

என்னைப் போலவே அவளும் அது எப்போதோ முடிந்தது என்று இருந்திருப்பாள். வில்லெட்டா விரலால் மாதம் எண்ணினாள். நான் படிக்கட்டு வழியாக இறங்கிவிட்டேன்.

ஜூன் 13

ஸ்டோக்ஸின் கேடிலாக் நல்ல வண்டிதான்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து சாப்பாடு இல்லை. அவள் வீட்டு வாசலிலேயே நிறுத்தினாள். போன மாதம் நான் கறி சுட்டுக் கொண்டுபோன பெரிய தட்டு, கழுவித் துடைத்தது, கையில். திருப்பிக் கொடுக்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா.

"உங்களுக்கு நான் தோதுப்பட மாட்டேன். வீடு வேணாம், கல்யாணமும் வேணாம். எண்ணூத்தி இருபதுக்காரருக்கு வேற நல்ல இடமா கிடைக்கும்" என்றாள். கண் என்மேல் இல்லை, தட்டின்மேல்.

உன் விஷயம் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கழுத்து நிமிருமா அப்புறம்? தொடர்ந்து போனதையும் சொல்ல வேண்டும். என் சட்டைப்பையில் டெமெட்ரா அச்சடித்த தாள். வெள்ளை வெளேர் என்று, ஒரு கறை இல்லாமல்.

என் வாய் இருக்கிறதே.

"எண்ணூத்தி இருபதெல்லாம் பொய். நான் திவால் ஆனவன். அறிக்கையில இன்னும் நிக்குது. அக்டோபர்லதான் போகும். அதுவரைக்கும் என்னை வங்கிக்கு இழுக்காதே, மானம் போயிரும்."

எனக்கே நம்பிக்கை வரும்படி சொன்னேன். லிமோசின் ஆறு என்றேன். கண்ணீர்கூட வந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அக்டோபரா?"

"பத்தாம் தேதி வாக்குல."

"ஆறு லிமோசினா வாங்குவான் ஒரு மனுஷன்?" என்று ஆரம்பித்தாள் பாருங்கள். தலையில் கிரீடம் வைத்தவள் போல உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கறி வேகும் வரைக்கும், வெந்த பிறகும், சிக்கனம் என்றால் என்ன, கடன் என்றால் என்ன, ஆண்களுக்கு ஏன் கையில் காசு தங்காது என்று ஒரே பிரசங்கம். "பொறுத்துக்கிறேன். ஆனா இனிமே என்னைக் கேக்காம ஒரு சைக்கிள்கூட வாங்கக் கூடாது." நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். மூன்றாவது துண்டு வைத்தாள். நான்காவதும்.

ஜூன் 16

பாடகர் குழுவில் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, எல்மோர் பெட்டிக்ரூ திவால், வில்லெட்டா மன்னித்து ஏற்றுக்கொண்டாள் என்று. ஸ்டோக்ஸ் வந்து என் தோளைத் தட்டி, தைரியமாக இரு என்றான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்தப் பத்து வருஷம் எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது முடிகிறது என்று அவள் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அக்டோபர் என்றதும் ஒத்துக்கொண்டாள். தூண் அவ்வளவு அகலம் இல்லை. நானும் ஒல்லி இல்லை. பார்த்திருப்பாளோ?

கேட்க மாட்டேன்.

டெமெட்ரா வந்து, "அத்தைகிட்ட சுத்தமான அறிக்கையைக் காட்டினீங்களா மாமா?" என்றாள். எந்த அறிக்கை என்றேன்.