ஐம்பது நிமிடத் தூரம்

வோபர்ன், ரொறன்ரோ
12 ஜனவரி 2025

அன்புள்ள யூஜினி அக்கா,

போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லுவா. அதனால் எழுதுகிறேன்.

ஜெனோசன் அத்தான் நத்தார்ப் பண்டிகைக்கு உங்களிடம் வரப் புறப்பட்டு, வழியில் இக்கலுயிட் விமான நிலையத்தில் பனிப்புயலுக்குள் நான்கு நாள் கிடந்து, லீவு முடிந்து பொண்ட் இன்லெட்டுக்கே திரும்பிவிட்டாராம். அப்பா நம்பவில்லை. "ஐம்பது நிமிசம்தானே, உவனுக்கு என்ன கேடு?" என்கிறார்.

அந்த ஐம்பது நிமிடத்தைச் சொன்னது நான். கனடாவின் வடகோடியில் உங்களுக்கு ஆர்க்டிக் பேயில் கடை வேலையும் அத்தானுக்குப் பொண்ட் இன்லெட்டில் கட்டட வேலையும் கிடைத்தபோது, அப்பா என்னிடம், "நீதானே யூனிவர்சிற்றி படிச்சனீ, எவ்வளவு தூரமெண்டு பார்த்துச் சொல்லு" என்றார். இணையத்தில் பார்த்தேன். இருநூற்று முப்பத்தைந்து கிலோமீற்றர், விமானத்தில் ஐம்பது நிமிடம். "அட, இங்கயிருந்து பிக்கரிங் போற நேரம்! பயப்பிடாமல் போங்கோ" என்று கல்யாணமாகி நாலே மாதத்தில் உங்கள் இருவரையும் அனுப்பிவிட்டார்.

அது வெறும் நேர்கோட்டுக் கணக்கு. அந்தக் கோட்டில் விமானம் ஓடுகிறதா என்று நான் பார்க்கவில்லை, அக்கா.

உங்கள் ஸ்டெபி

ஆர்க்டிக் பே
3 பெப்ரவரி

என் ஸ்டெபிக் குட்டி,

அழாதே. வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் அகலம்தான். ஆனால் அவரிடம் போக, தெற்கே ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் இக்கலுயிட் வரை இறங்கி, திரும்ப அவ்வளவும் ஏறவேண்டும். அதுவும் காற்று விட்டால்தான்.

முன்பு நாளுக்கு மூன்று தரம் போன் எடுப்பார். இப்போது ஞாயிறுகளில் மட்டும். "லைன் சரியில்லை" என்கிறார். லைன் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் முகம் பார்த்துக் கதைத்தால் போதும், எல்லாம் சரிவரும். அம்மாவிடம் மூச்சுவிடாதே.

அக்கா

வோபர்ன்
20 பெப்ரவரி

அக்கா, அக்கா,

பீட்சாவுக்குக்கூட உங்களைத்தானே போன் எடுக்கச் சொல்லுவேன்? வாடகை விமானக்காரர் ஐந்து பேருக்கு நானே எடுத்தேன்! ஐந்தாவது ஆள் நல்லவர். மார்ச் 6 பொண்ட் இன்லெட்டிலிருந்து உங்கள் ஊருக்கு ஜெனரேற்றர் பாகங்களோடு நேரே ஒரு சிறிய விமானம். மறுநாள் திரும்பும். ஒரு இருக்கை வெறுமை. அத்தானின் பெயரை இரண்டு தரம் பிழையாகச் சொன்னேன். "அவசரமில்லை, ஆறுதலாகப் பெயரைச் சொல்" என்றார். சொன்னேன்.

அத்தானும் "ஓம், வாறன்" என்று எழுதிவிட்டார். எத்தனை நிமிடப் பறப்பு என்று நான் சொல்லவேண்டுமா?

ஸ்டெபி

ஆர்க்டிக் பே
8 மார்ச்

அன்பு ஸ்டெபி,

ஆறாம் திகதி வானம் தெளிவாக இருந்தது. காற்றுமில்லை. கடையில் கெஞ்சி இரண்டு மணித்தியாலம் வாங்கி, நீ தந்த சிவப்புச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஓடுபாதையருகே நின்றேன். பெட்டிகளை இறக்கினார்கள். விமானி மட்டும் இறங்கினார்.

கேட்டேன். "வந்தார். என்னோடு நின்று எல்லாப் பெட்டியையும் ஏற்றித் தந்தார். பிறகு, தான் வரவில்லை என்றார்." நிலத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்: "நாளைக்கு அதே இருக்கை வெறுமையாகத்தான் போகும். நீ வருகிறாயா?"

நேற்று அது என் தலைக்கு மேலால் போனது. நான் கடையில் பால்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் பறந்தீர்கள் என்றும் விமானியிடம் கேட்டிருந்தேன். நாற்பத்தெட்டு நிமிடமாம். நீ பார்த்தது சரிதான், குட்டி.

வீட்டில் புயல் என்று சொல்லிவிடு. நீ சொன்னால் அப்பா நம்புவார்.

அக்கா