சைக்கிளில் இருந்து விழுந்த பல்

மார்ச் 3, திங்கள்

எழுந்தேன். குளித்தேன். வேலைக்குப் போனேன். இதையெல்லாம் சாதனைபோல எழுதிவைக்கும் நிலைமைக்கு வந்தாயிற்று. மூன்று வாரமாகக் கட்டிலை விட்டு இறங்குவதே பெரும்பாடு. ஊருக்கெல்லாம் பல் செட் செய்கிறவன் பல் தெரியச் சிரித்து ஒரு மாதம் ஆகிறது.

மதியம் அம்மா போன் செய்தாள். "அப்பாவுக்கு இருந்த பல்லும் போச்சுடா. நீயே ஒரு செட் பண்ணிக் குடுத்துடு. புதன்கிழமை கூட்டிட்டு வரேன்."

சரி என்றேன். எதற்குச் சரி என்றேன்?

மார்ச் 5, புதன்

அவர் வந்தார். கிளினிக்கின் முன்னறையில் பல் டாக்டரம்மா அச்செடுத்தார். நான் பின்னால் என் லேபில் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். வயது நாற்பத்தொன்று! அப்பா இருமிய சத்தத்துக்கே தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன.

டாக்டரம்மா கதவைத் தட்டினார். "உங்கப்பா கிளம்புறாரு, பார்க்கலியா?"

கை வேலையாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். பொய்யில் எனக்குச் சின்ன வயதுப் பழக்கம்.

மார்ச் 6, வியாழன்

அச்சில் பிளாஸ்டர் ஊற்றிக் காயவைத்தேன். இப்போது அவருடைய வாய் என் மேஜைமேல் இருக்கிறது. வெறும் ஈறு. நாக்கு இல்லை, சத்தம் இல்லை. ஆனாலும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. துணி போட்டு மூடினேன். துணிக்கு அடியில் இருக்கிறது என்று தெரிகிறதே.

மார்ச் 8, சனி

வேலைக்குப் போகவில்லை. "உடம்புக்கு என்னங்க?" என்று என் மனைவி நாலு தடவை கேட்டாள். ஒன்றுமில்லை. சோம்பேறி, தண்டச்சோறு, அவ்வளவுதான்.

இது யார் குரல்? என் குரல் இல்லையே.

மார்ச் 9, ஞாயிறு

குட்டிக்குப் புது சைக்கிள். எட்டு வயது, பிடித்தால் பிடித்த பிடி. தெருவுக்கு இழுத்துப் போய், "நீ முதல்ல ஓட்டிக் காட்டுப்பா" என்றாள். மனைவியும் வாசலில் நின்று, "ஒரு சுத்து ஓட்டுங்களேன்" என்றாள். ஏறினேன். இரண்டு மிதி. நேராகச் சுவரில் போய்ச் சாய்ந்தேன்.

"ஐயோ, அப்பாவுக்கு சைக்கிளே தெரியாது!" குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள்.

என் கை ஓங்கியது. ஒரு நொடிதான். அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

உள்ளே வந்ததும் இவள் மெதுவாகக் கேட்டாள். "அப்போ உங்க முன்பல்லு?"

என் முன்பல் நானே செய்து வைத்தது. ஒன்பது வயதில் சைக்கிளில் இருந்து விழுந்தேன் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சொல்வதற்காக அம்மா சொல்லிக்கொடுத்த வரி அது. எங்கள் வீட்டில் சைக்கிளே இருந்ததில்லை.

"தள்ளிட்டுப் போகும்போது விழுந்தேன்" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

என் கை. அவருடைய கை. ஐயோ.

மார்ச் 12, புதன்

மெழுகில் பல் வரிசையை அடுக்கினேன். மேல் முன்பற்கள் இரண்டையும் வைத்ததும் முழு முகமும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு "இங்க வாடா" என்கிற முகம். வைத்துவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றேன்.

நான் இல்லாமல் போனால் குட்டியாவது பிழைப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அந்த அமைதிதான் என்னைக் கதிகலங்க வைத்தது. உடனே இவளுக்கு போன் போட்டேன். "எனக்குப் பயமா இருக்கு, வந்து கூட்டிட்டுப் போயேன்."

வந்தாள். வழியெல்லாம் கையை விடவே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

மனநல டாக்டர் என்னைவிடச் சின்னவர். தூக்கம், பசி, சாகிற நினைப்பு, எல்லாம் கேட்டார். பிறகு, "சின்ன வயசுல வீடு எப்படி?"

"நல்லாத்தான் இருந்தது."

அவர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். இவள் திடீரென்று, "இவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது டாக்டர்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. சொன்னேன். ஒன்பது வயதில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டினேன். அப்பா என் தலைமுடியைப் பிடித்து, மேஜை விளிம்பில்... அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. அது ஒருநாள் கதையும் இல்லை.

"இது சோம்பேறித்தனம் இல்லைங்க, மனச்சோர்வு. சின்ன வயசுல அடிபட்டு வளர்ந்த நிறைய பேருக்குப் பின்னாடி வருது. சரிபண்ணலாம்."

"என் கை ஓங்குச்சு டாக்டர்."

"இறங்கிடுச்சில்ல? அதுக்குப் பயந்து இங்க வந்திருக்கீங்க. உங்கப்பா எங்கயாவது போனாரா?"

மார்ச் 18, செவ்வாய்

மாத்திரையால் வாய் உலர்கிறது. பயம் அப்படியே இருக்கிறது. ஆனால் குளித்தேன்.

மார்ச் 21, வெள்ளி

அச்சையும் மெழுகையும் டாக்டரம்மா மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். "வேற லேபுக்கு அனுப்பிடுங்க. என்னால முடியாது."

"சொந்த அப்பாவுக்கா?"

"அவருக்குத்தான்."

என் முன்பல்லை ஒருமுறை பார்த்தார். அச்சையும் மெழுகையும் பையில் போட்டுக் கட்டினார்.

சாயங்காலம் அம்மா போன். எடுத்தேன். "ஏண்டா முடியாதுன்னுட்ட?"

"என் பல்ல உடைச்சவருக்கு நான் பல்லு கட்ட மாட்டேம்மா."

அம்மா சின்னக் குரலில், "நீ சைக்கிள்ல இருந்துதானடா விழுந்த..." என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

குட்டி சீட்டைப் பிடித்துக்கொண்டாள். பயத்தோடுதான் ஏறினேன். "விட்டுடாதடி" என்று கத்தினேன். "விடலப்பா, விடல" என்று சொல்லிக்கொண்டே எப்போதோ விட்டிருக்கிறாள். தெருமுனைவரை போய்விட்டேன். அங்கே தடால்.

முழங்காலில் சிராய்ப்பு. குட்டி ஓடி வந்து ஊதிவிட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக சைக்கிளில் இருந்து விழுந்தேன்.