பச்சைக்கரைத் துண்டு

மோகனூர்
10-2-1957

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

நம் யாகப்பனைப் பைத்தியமாக்கியது நாம்தான். நீங்கள், நான், அம்மா, இந்த ஊர். வேறு யாருமில்லை.

செபஸ்தியார் சப்பரம் வந்த அன்று நம் வாசலிலேயே வேட்டுப் போட்டார்கள். இருபத்திரண்டு வயதுத் தம்பி காதைப் பொத்திக்கொண்டு அலறினான். பிடித்து நிறுத்தப் போன அம்மாவின் கையைக் கடித்தான். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாட்டுக் கொட்டாய்த் தூண்ல கட்டுங்க." கட்டினோம். மறுநாள் நீங்கள் சேலம் பஸ் ஏறிவிட்டீர்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் அவன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டை அவிழ்த்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாமல் முழுவதும் படியுங்கள்.

பேசாதவன் என்பதால் நாமும் அவனிடம் எதையும் சொல்வதில்லை. குளிக்க, சாப்பிட, கோவிலுக்குப் போக, எல்லாவற்றுக்கும் திடீரென்று கையைப் பிடித்து இழுக்கிறோம். மாட்டைக்கூட முதுகில் தட்டிக் கொடுத்துத்தான் அவிழ்க்கிறார்கள். இப்போது எது செய்வதானாலும் முதலில் ஒரு பொருளை அவன் கையில் கொடுக்கிறேன். வட்டிலைக் கொடுத்தால் சோறு. செபமாலையைக் கொடுத்தால் கோவில். அதுவும் மணியடிக்காத, ஆளில்லாத மத்தியானத்தில். பச்சைக்கரைத் துண்டைக் கொடுத்தால் காவிரி. கொடுத்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக எழுந்து வருகிறான். துண்டு என்றால் மட்டும் உடனே எழுகிறான். சிரித்துக்கொண்டே எனக்கு முன்னால் நடக்கிறான். தண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்துவிட்டால் அவனைவிட அமைதியான மனிதன் இந்த ஊரில் இல்லை.

வெற்றிலைக் கொடிக்காலில் மாதையன் அவனுக்கு வாழைநார் கிழிக்கும் வேலை கொடுத்திருக்கிறார். "பேசாத ஆளு கெடைக்கறது அதிசயமுங்க டீச்சர். மத்தவனுகளுக்கு வாய் ஓயறதுக்குள்ள பொழுது போயிருது" என்கிறார். எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் மட்டும், "ஏனுங்க டீச்சரம்மா, பைத்தியத்துக்குப் பள்ளிக்கூடம் வெச்சிருக்கீங்களாமா? பீஸ் எவ்வளவுங்க?" என்றாள். "உங்களுக்குன்னா இலவசமுங்க" என்றேன்.

அடுத்த வருஷம் நம் வாசலில் வேட்டு வேண்டாம் என்று சப்பரக் கமிட்டியிடம் நீங்கள்தான் பேச வேண்டும். பெண்பிள்ளை சொன்னால் சிரிக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் பரீட்சை வேலையாக நான் நாமக்கல்லில் இருப்பேன். அதற்கு முன்னாலோ பின்னாலோ வாருங்கள். நீங்களே ஒரு தடவை அவன் கையில் துண்டைக் கொடுத்துப் பாருங்கள்.

உங்கள் தங்கை,
இன்பமேரி


செவ்வாய்ப்பேட்டை, சேலம்
2-3-1957

அன்புத் தங்கை இன்பமேரிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். லாரி ஆபீசில் கணக்கு முடிக்கிற மாதம், கண் எரிகிறது. நீ கெட்டிக்காரி. அப்பா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

பெண் வீட்டு விஷயம் உனக்குத் தெரியும். போன ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்ணின் தகப்பனார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏந்தம்பி, உங்க ஊட்டுல ஒரு பையனைக் கட்டி வெச்சிருக்கறீங்களாமா?" எனக்கு முப்பத்துமூன்று வயதாகிறது. முன்பு பார்த்த இடங்கள் எதனால் தட்டிப்போயின என்று நான் எழுத வேண்டியதில்லை.

வேட்டு விஷயம் பார்க்கலாம். ஒன்று மட்டும் எழுது. எந்தத் துண்டைக் கொடுத்தாலும் வருவானா, அந்தப் பச்சைக்கரைதான் வேண்டுமா? நான் கொடுத்தாலும் எழுந்து வருவானா?

அம்மாவுக்கு என் அன்பு.

உன் அண்ணன்,
சின்னப்பராஜ்


மோகனூர்
19-5-1957

அண்ணா,

"அந்தப் பச்சைக்கரைதான் வேண்டும். நீங்கள் கொடுத்தாலும் வருவான்" என்று மறுதபாலிலேயே கார்டு போட்டவள் நான்தான். சந்தோஷத்தோடு போட்டேன்.

நான் நாமக்கல்லில் இருந்த நாளாகப் பார்த்து வந்தீர்கள். அம்மா சொன்னாள்: "பெரியவன் துண்டைக் குடுத்தான் கண்ணு. இவன் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு முன்னால போனான். ஆத்துக்குத்தான்னு நானும் நெனச்சேன்." தெருக்கோடியில் உங்கள் ஆபீஸ் லாரி நின்றதாம்.

சேலத்துக்கு வெளியே நீங்கள் விட்டுவந்த அந்த வைத்தியசாலையைத் தேடிப் போய் முந்தாநாள் அவனைக் கூட்டி வந்தேன். காலில் சங்கிலி. தோளில் துண்டு. காவல்காரன் கேட்டான்: "இந்தத் துணியில என்னம்மா இருக்குது? தூங்கறப்பவும் உடமாட்டேங்கறான். வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், சங்கிலி எட்டற வரைக்கும் வந்து நின்னுக்கறான்."

வீட்டுக்குள் வந்ததும் துண்டைத் தானே எடுத்து மூலையில் எறிந்தான். வட்டிலைக் கொடுத்தேன். என் கையைப் பார்த்தான். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவனிடம் இருந்தது நாலைந்து வார்த்தை. அதில் ஒன்றை எடுத்துப் பொய் சொல்லிவிட்டீர்கள். பொய் என்று ஒன்று உண்டென்பதே அவனுக்கு இதுவரை தெரியாது.

இன்பமேரி


சேலம்
2-6-1957

தங்கை இன்பமேரிக்கு,

கொலைகாரனுக்கு எழுதுவதுபோல எழுதியிருக்கிறாய். அங்கே வைத்தியம் பார்ப்பார்கள் என்றுதான் சொன்னார்கள். சங்கிலியை நான் பார்க்கவில்லை. வாசலிலேயே அவனை வாங்கிக்கொண்டார்கள்.

நான் கல் இல்லை. லாரியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தான். நாமக்கல் தாண்டும் வரை துண்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தான். யாரும் அடிக்காமல், கட்டாமல் அவன் ஒரு வண்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை. உன் வழி நல்ல வழி என்று அப்போது நினைத்தேன்.

வருகிற ஞாயிறு பூசையில் எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிக்கிறார்கள். கல்யாணத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. அவனை மாதையனிடம் விட்டுவிட்டு வா. யாராவது கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

சின்னப்பராஜ்


மோகனூர்
14-7-1957

அண்ணா,

அம்மா கல்யாணப் பலகாரம் கொண்டுவந்தாள். அண்ணி நல்ல மாதிரி என்றாள். சந்தோஷம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டீர்களாம். எனக்கா அவனுக்கா என்று நான் கேட்கவில்லை.

நாமக்கல் தாண்டினோம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நேரத்தில் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன்.

சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். கொடிக்காலுக்குப் போகிறான். மாதையன் நாரை அவன் கையில் கொடுப்பதில்லை. கீழே போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொள்கிறார். "நம்மளப் பாத்தாத்தானுங்க பயம். நாரு என்ன பண்ணுச்சு?" என்கிறார். நானும் வட்டிலை வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். சாப்பிடுகிறான். ஆறு மட்டும் இல்லை. கிணற்றடியில் ஊற்றினால் அலறுகிறான். உடம்பெல்லாம் சொறி.

நான் துண்டைக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். பிரயோசனம் இல்லை. பொய் சொன்ன கைதான் வந்து கொடுக்க வேண்டும். ஒரு நாள் வாருங்கள். லாரி வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள். துண்டை நீட்டிக்கொண்டு அவன் முன்னால் நில்லுங்கள். வாங்க மாட்டான். நில்லுங்கள். கால் வலிக்கும். அன்றைக்கு வாங்காவிட்டால் இன்னொரு நாள் வாருங்கள். என்றைக்கு வாங்குகிறானோ அன்றைக்கு ஆற்றுக்குக் கூட்டிப் போங்கள். ஆற்றுக்கு மட்டும்.

இன்பமேரி


மோகனூர்
6-10-1957

அண்ணா,

இதற்கு முன் போட்ட மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஆடித் தண்ணீர் வந்து வடிந்தும் விட்டது.

கமிட்டியிடம் நானே போய்ப் பேசினேன். "வேட்டு இல்லாமச் சப்பரமாங்க டீச்சர்? செபஸ்தியாரே கோவிச்சுக்குவாரு" என்று சிரித்தார்கள். அம்பு தைத்த புனிதருக்குக் கோபம் வருமாம். இவனுக்கு வலி வரக்கூடாதாம். தை மாதம் சப்பரத்துக்கு முதல்நாளே அவனைக் கொடிக்காலுக்கு அனுப்பிவிடுவேன். அதற்கு யார் தயவும் வேண்டாம்.

துண்டைத் துவைத்துத் துணிக்கொடியில் போட்டிருக்கிறேன். அம்மா மடித்துப் பெட்டியில் வைக்கப் போனாள், வேண்டாம் என்றேன். அவன் அதன் கீழே குனிந்து போகிறான், மேலே படாமல்.

எந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்கள்? தேதியை எழுதுங்கள்.

இன்பமேரி